"எல்லாம் சரி" என்று எழுதச் சொல்கிறார்கள்

கேள்வி: மண்டபம் அருகே நண்டுச் சதை பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை அவசர வழிகளைச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் பொறுப்பும் என்னுடையது. சென்ற மாதம் பின்பக்க இரும்புப் படி ஒன்று காலடியில் உடைந்து, கணுக்கால் பிசகி நான்கு நாள் படுத்துவிட்டேன். படியை மாற்றவில்லை. "எல்லாம் சரி என்று எழுதம்மா" என்கிறார் மேலாளர். மறுத்தால் வேலை போய்விடுமா?

பதில்: சகோதரி, அப்படி மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளை குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து அமோனியா வாயு கசிந்து உள்ளே இருக்கும் பெண்கள் அந்தப் படியை நோக்கி ஓடினால், முதலில் தேடப்படுவது உங்கள் கையெழுத்துதான். 1997-இல் டெல்லி உப்கார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் மாண்டார்கள்; வெளியேறும் வழியைக் கூடுதல் இருக்கைகள் மறித்திருந்தன.

கடலோரத்து இரும்பை நம்பவே கூடாது. உப்புக் காற்று உள்ளே அரித்திருக்கும். மேலே அடித்த பெயின்ட் பளபளக்கும். படியில் ஏறித்தான் சோதிக்க வேண்டும் என்பதில்லை. கீழே நின்று பார்த்து, "மூன்றாவது படி இல்லை, கைப்பிடி ஆடுகிறது, கதவுக்கு முன் ஐஸ் பெட்டிகள்" என்று கண்டதைக் கண்டபடி தேதியிட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, ஆபத்தைக் கண்டால் நிர்வாகத்திடம் தெரிவிப்பது உங்கள் கடமை (பிரிவு 13). உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடம் சொல்லும்போதே அரசின் தொழிலக ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அது உங்கள் உரிமை (பிரிவு 14). ஆகவே ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை மேலாளரிடம் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். மற்றொன்றைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேலாளர் ஒப்பமிட மறுத்தால் அவருக்கும் அஞ்சலிலேயே அனுப்புங்கள்.

இதற்காக நீக்கினால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தாவா எழுப்பலாம். கையில் இருக்கும் அந்த ரசீதுதான் அப்போது பேசும்.

உங்கள் காயத்தையும் விட்டுவிடாதீர்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் செய்த விபத்தை நிர்வாகம் அதிகாரிகளுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.