தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஏன் இப்படித் தேய்ந்தது? மறுபடி எழ முடியுமா?

முடியும் என்று நம்புகிறேன். ஆனால் காமராஜர் மாதிரி ஒரு தலைவர் இல்லாததுதான் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

காமராஜர் இருக்கும்போதே தோற்ற கட்சி இது. 1967இல் அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அடக்கிய விதம், அண்ணா கட்டிய கூட்டணி எல்லாம் சேர்ந்து அவரையே விருதுநகரில் 1,285 ஓட்டில் சாய்த்தன. அப்போதும் காங்கிரசுக்குச் சுமார் 41 சதவீத ஓட்டு விழுந்தது. தி.மு.க. வாங்கியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தத் தோல்வியிலிருந்து எழுந்திருக்கலாம்.

பெரிய அடி 1971இல் என்பேன். அதற்குள் கட்சி இரண்டாக உடைந்திருந்தது. தி.மு.க.வோடு சேர்ந்த இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்கு ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. கட்சி நிற்காத ஊரில் கட்சிக்காரனுக்கு என்ன வேலை?

களக்காட்டுப் பக்கம் எங்கள் தாத்தா வாழை விவசாயி, பழைய காங்கிரஸ்காரர். வாக்காளர் பட்டியலை நூல் கோத்துத் தைத்து வைத்திருப்பார். கட்டிக்கொடுத்துப் போன பெண், பம்பாய்க்குப் போன பையன், செத்துப்போனவர் என்று பென்சிலால் குறிப்பார். "எலெக்‌ஷனன்னைக்கு மட்டும் வந்து கும்பிட்டா எவம்ல போடுவான்?" என்பார். 1989இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்று 26 இடம், கிட்டத்தட்ட 20 சதவீதம் வந்தபோது, "தோத்தாலும் நம்ம ஓட்டு எவ்வளவுன்னு தெரிஞ்சு போச்சுல்லா" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

பிறகு 1996இல் மூப்பனாரே தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) என்று பிரிந்தார், 2002இல் அந்தக் கட்சி மறுபடி காங்கிரசில் இணைந்தது. 2014இல் மக்களவைக்குத் தனித்து நின்றபோது 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான், ஓரிடமும் இல்லை. 2024இல் திருநெல்வேலித் தொகுதியை ஜெயித்தது கூட்டணி பலத்தில்.

கூட்டணியை உடைக்கச் சொல்லவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் சட்டமன்ற இடங்களுக்கு மட்டும் மல்லுக்கட்டாமல், கட்சிச் சின்னத்தில் நடக்கிற ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இடங்களையும் கேட்டு வாங்க வேண்டும். மாவட்டத் தலைவரை டெல்லி அறிவிக்காமல் உள்ளூர் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றில் வாழை சாய்ந்தால் காப்பீட்டு மனு எழுதித் தரவும், பீடி சுற்றும் பெண்களோடு பி.எஃப். பணத்துக்கு அலையவும் ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கையில் தாத்தாவிடம் இருந்ததுபோல் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், இந்த வருடம் பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் பெயரோடு.