ஐசியூவில் இருப்பவரை ஏன் உட்கார வைக்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நிமோனியாவால் ஐசியூவில் சேர்த்து ஒன்பது நாள் ஆகிறது. வென்டிலேட்டர் இன்னும் எடுக்கவில்லை. தொடை வற்றிப் போய்விட்டது. பிசியோதெரபிஸ்ட் தினமும் கை காலை மடக்கி நீட்டுகிறார். நேற்று கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்களாம். "முடியாத மனுஷனை ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்கள்" என்று அம்மா அழுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தொடை வற்றியது உங்கள் பிரமை இல்லை. இப்படிப்பட்ட நோயாளிகளின் முன்தொடைத் தசையை லண்டனில் ஸ்கேன் செய்து அளந்து, 2013இல் வெளியிட்டார்கள். பத்து நாளில் சராசரியாக ஏறக்குறைய 18 சதவீதம் சுருங்கியிருந்தது. படுத்தே கிடப்பது மட்டும் காரணமில்லை. கடும் தொற்றின்போது உடல் தன் தசைப் புரதத்தையே உடைத்துச் செலவழிக்கிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே? வென்டிலேட்டரில் அதுவும் மெலியும்.

வென்டிலேட்டரில் இருந்த 104 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. சீக்கிரமே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர், வீடு திரும்பும்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். சரி, அப்படியானால் இன்னும் கூடுதலாகச் செய்யலாமே என்றால், அதுவும் கூடாது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 750 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பயிற்சி கொடுத்துப்பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தத் தொல்லைகள்தான் கூடின. அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் ஒரு கண்ணை மானிட்டரில் வைத்தே வேலை செய்வார். ஒரு நாள் செய்யாமல் போனால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அப்பா கண் விழித்திருக்கும்போது, "என் விரலைப் பிடிங்க" என்று சொல்லட்டும். முதலில் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்கள் இழுபடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால், 'மடக்குங்க', 'நீட்டுங்க', 'மூச்சை இழுங்க' ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் பழகிய மொழி சட்டென்று புரியும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். ஆனால் கஞ்சி, சூப் கொண்டுபோக வேண்டாம். அவருக்கு எவ்வளவு புரதம் என்பதை உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுத்தான் குழாயில் கொடுக்கிறார்.

அப்புறம், வார்டுக்கு மாற்றியதும் "வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று அவசரப்படாதீர்கள். சில வாரம் சமூக மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி எடுக்க வழி உண்டா, செலவு எவ்வளவு என்று மருத்துவ சமூக சேவையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.