லேபிளைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்: போர்தோ கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதி, பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயின் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, செப்டெம்பர் ஒயின் விற்பனையில 'சேந்த் எமிலியோன் கிரான் க்ரூ' ஒண்டு 14 யூரோவுக்கு வாங்கி, முதல்தரம் எண்டு சொல்லி முதலாளிக்குக் குடுத்தன். லேபிளைப் பாத்திட்டுச் சிரிச்சார். ஏமாந்திட்டனோ? (பாரிஸ்)

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. லேபிளிலும் பொய் இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

'சேந்த் எமிலியோன் கிரான் க்ரூ' என்பது தரப்பட்டியலில் ஓர் இடம் அல்ல. அது போர்தோவில் சேந்த் எமிலியோன் என்ற விளையும் பகுதிக்கான சட்டப் பெயர். சாதாரண சேந்த் எமிலியோன் விளையும் அதே நிலப்பரப்புதான் இதற்கும். மகசூல் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், கூடுதல் காலம் வைத்திருந்து விற்க வேண்டும். இப்படிச் சில நிபந்தனைகள், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ஒயின்கள் இந்தப் பெயரில் வருகின்றன. தரப்பட்டியலில் உள்ளவை 'கிரான் க்ரூ க்ளாசே' என்று போடும். 2022 பட்டியலில் அப்படி 71 தோட்டங்கள், அவற்றுக்கு மேலே 'ப்ரெமியே கிரான் க்ரூ க்ளாசே' 14. 'க்ளாசே' இல்லையென்றால் பட்டியலில் இல்லை. பெரிய எழுத்தில் 'கிரான் க்ரூ' என்று அச்சிட்டுவிட்டு, வாங்குகிறவர் தானாக முதல்தரம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

லேபிள்களில் வரும் 'கிரான் வேன் தெ போர்தோ' (போர்தோவின் பெரிய ஒயின்) இன்னும் மோசம். அது எந்தத் தரவரிசையும் இல்லை. பல தோட்டங்கள் தங்கள் முதன்மை ஒயினை அப்படிச் சொல்வது வழக்கம். மற்றவர்களும் அதையே தங்க எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தங்க எழுத்துக்காகவும், சூடு போட்டு முத்திரை குத்திய மரப்பெட்டிக்காகவும் நானும் ஒரு காலத்தில் காசு அழுதிருக்கிறேன். பெட்டியில் இப்போது ஸ்க்ரூ டிரைவர்கள் கிடக்கின்றன. ஒயினைச் சமையலில் ஊற்றித் தீர்த்தோம்.

பட்டியலும் வேதவாக்கு அல்ல. ஆற்றின் இடது கரையில் மெதோக் தோட்டங்களுக்கான பட்டியல், மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக 1855-ல் போட்டது. அன்றைய சந்தை விலைதான் முக்கிய அளவுகோல். இடையில் தோட்டங்கள் கைமாறின, அக்கம்பக்கத்து நிலத்தை வாங்கின, விற்றன. பட்டியல் அசையவில்லை. பேசத்தக்க மாற்றம் ஒன்றே ஒன்று: 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டம் முதல் வரிசைக்கு ஏறியது. வலது கரையில் பொமெரோல் பகுதிக்குப் பட்டியலே கிடையாது. விலையில் உச்சியில் நிற்கும் பெத்ருஸ் ஒயின் அங்கேதான் விளைகிறது. சேந்த் எமிலியோனின் உச்சியில் இருந்த ஷெவால் ப்ளான், ஓசோன் தோட்டங்கள் 2022 பட்டியலுக்குப் போட்டியிடாமலே விலகிக்கொண்டன.

தம்பி, 14 யூரோவுக்கு அது நியாயமான ஒயினாகவே இருந்திருக்கலாம். பரிசாகக் கொடுத்ததைப் பார்த்துச் சிரிப்பது என்ன பழக்கம்?

கேள்வி: 1982 லஃபீத், 300 டாலருக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வாங்கலாமா? (சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம். முதல் வரிசைத் தோட்டத்தின் 1982 அந்த விலைக்கு வராது; போலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: 2022 போர்தோ ஒரு பெட்டி, பீப்பாயில் இருக்கும்போதே 480 பவுண்ட் கட்டி இணையத்தில் வாங்கினேன். அந்த வாரமே ரத்து செய்யக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். 14 நாள் உரிமை இல்லையா? இப்போது பெட்டியும் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. (லண்டன்)

பதில்: உங்கள் மேல் தவறில்லை, அம்மா. இந்த வியாபாரத்துக்கு 'ஆன் ப்ரிமர்' என்று பெயர். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் பணம், சுமார் இரண்டு ஆண்டு கழித்து பாட்டில். 14 நாள் உரிமையில் இதற்கு விதிவிலக்கு இருக்கிறது: மதுவின் விலையை முன்பே பேசி முடித்து, 30 நாளுக்குப் பிறகுதான் தர முடியும் என்றால், அதன் மதிப்பும் சந்தையோடு ஏறி இறங்கும் என்றால், ரத்து உரிமை கிடையாது. அதனால் அன்று மறுத்தது சட்டப்படி சரி. இன்று பெட்டி தராதது சரியில்லை.

கிரெடிட் கார்டில் கட்டினீர்களா? நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கு கார்டு நிறுவனமும் பொறுப்பு. ரசீது, மின்னஞ்சல்கள், தருவதாகச் சொன்ன தேதி எல்லாவற்றையும் சேர்த்து அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். டெபிட் கார்டு என்றால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' (கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து திரும்ப எடுத்துத் தருவது) கேட்க வேண்டும்; அதற்குக் கெடு உண்டு, இன்றே கேளுங்கள். கடை திவாலாகியிருந்தால், நிர்வாகியிடம் கடன் கொடுத்தவராகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பெட்டி உங்கள் பெயரில் தனியாகக் கிடங்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அது உங்கள் சொத்து, கடையின் சொத்து அல்ல.

நான் இப்படி வாங்கிய 2010-ம் ஆண்டு ஒயின் வந்து சேர்ந்தது. அதே பாட்டில் அதைவிட மலிவாகக் கடையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். 2012-ல் முதல் வரிசைத் தோட்டமான ஷாத்தோ லத்தூரே இந்த முறையை விட்டு வெளியேறிவிட்டது.

கேள்வி: மூத்தோன் காதே, மூத்தோன் ரோத்ஷீல்ட்: ஒன்றுதானே? விலை மட்டும் ஏன் இப்படி? (துபாய்)

பதில்: இல்லை. ஒன்று போர்தோவின் பல தோட்டத் திராட்சையில் கலந்து செய்யும் பிராண்ட். மற்றது மெதோக்கின் பொயாக் ஊரில் ஒரே தோட்டம். குடும்பம் ஒன்று, பொருள் வேறு.

கேள்வி: மாமா பாரிசிலிருந்து கொண்டுவந்த மார்கோ போர்தோ பாட்டில், நாலு வருஷமாக ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது. கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னும் வைத்திருந்தால் விலை ஏறுமா? (சென்னை)

பதில்: ஃப்ரிட்ஜ் மேலா? சென்னை மே மாதத்தில், கீழே மோட்டார் சூடு வேறு! 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், படுக்க வைத்திருக்க வேண்டியது. கார்க் மேலே வந்தால் சூட்டில் உள்ளே ஒயின் விரிந்திருக்கிறது என்று பொருள். அதை யாரும் வாங்க மாட்டார்கள். இன்றிரவே திறந்து பாருங்கள். வேகவைத்த பழ வாடை வந்தால் மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ரெஸ்டாரண்டில் திறந்த பாட்டில் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறியது. "பழைய போர்தோ அப்படித்தான்" என்றார் பரிமாறியவர். 90 யூரோ. (லியோன்)

பதில்: அப்படி இல்லவே இல்லை. கார்க் வழியாக வரும் டி.சி.ஏ. என்ற பொருள் செய்த வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஒயினுக்குத்தான் கெடுதல். முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவது, நீங்கள் இதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பத்தான். அடுத்த முறை இன்னொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி, அப்போதே வேறு பாட்டில் கேளுங்கள்.

கேள்வி: அடியில் கறுப்பாக வண்டல். கலப்படமா? (டொரொன்டோ)

பதில்: வயதான சிவப்பு ஒயினில் இயல்பு. முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், மெதுவாக ஊற்றுங்கள், கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள்.