ஐந்நூறாவது எபிசோடும் அதற்கு முந்தைய மைல்கற்களும்: ‘தி சிம்ப்சன்ஸ்’ கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் 500-ஆவது எபிசோடைப் பெரும் எதிர்பார்ப்போடு பார்த்தேன். வழக்கமான எபிசோடு போலவே இருந்தது. தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் உங்களுக்கு அது நிறைவளித்ததா?

பதில்: நிறைவளித்தது. 2012 பிப்ரவரி 19 அன்று ஒளிபரப்பான அந்தக் கதையில், கதை நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் மக்கள் இரகசியமாகக் கூடி, நாயகன் ஹோமர் சிம்ப்சனின் குடும்பத்தால் ஊருக்கு நேர்ந்த தொல்லைகளை எண்ணிப் பார்த்து, அவர்களை ஊரைவிட்டே வெளியேற்ற முடிவு செய்கிறார்கள். இருபதாண்டுகளுக்கும் மேலாக எத்தனை பேரழிவு நடந்தாலும் அடுத்த வாரம் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதுதான் இத்தொடரின் எழுதப்படாத விதி. அந்த விதியின் கணக்கை ஊர்மக்களே தீர்க்க முற்படுவது, ஐந்நூறு எபிசோடுகள் பின்னால் நிற்கும்போது மட்டுமே எழுதக்கூடிய கதை. இதையே ஐம்பதாவது எபிசோடில் வைத்திருந்தால் அதற்கு எடை இருந்திருக்காது.

ஊருக்கு வெளியே, சட்டமும் வசதியும் இல்லாத நிலத்தில் குடும்பம் குடியேறுகிறது. ஊருக்குள் மாறுவேடத்தில் திரும்பி வந்தும் விரட்டப்படுகிறபோது, ‘எங்களுக்கு நீங்கள் வேண்டாம்’ என்று முடிவெடுப்பவள் ஹோமரின் மனைவி மார்ஜ். எந்த இடத்திலும் ஊரோடு ஒட்டி வாழவே விரும்பிய மார்ஜ் அப்படிச் சொல்வதை, அவளை நெடுநாள் அறிந்தவர்களால்தான் முழுமையாக உணர முடியும். பிறகு ஊர்மக்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கேயே வந்து சேர்கிறார்கள். தொடக்கத்தில், குடும்பம் சோபாவில் வந்து அமரும் பழைய காட்சிகள் அனைத்தும் ஓடி 500 என்ற எண்ணாக ஒன்றுசேர்வதை மட்டும் கொண்டாட்டமாக எண்ணியவர்களுக்கு எபிசோடு சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம். கொண்டாட்டம் கதைக்குள் இருக்கிறது.

கேள்வி: நூறாவது எபிசோடுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏன் அவ்வளவு மதிப்பு?

பதில்: மறுஒளிபரப்பு வணிகமே காரணம். உள்ளூர் நிலையங்கள் வார நாட்களில் நாள்தோறும் ஒன்று வீதம் ஒளிபரப்ப வேண்டுமென்றால் கையில் கணிசமான எபிசோடுகள் இருக்க வேண்டும். ஏறத்தாழ நூறு என்பது அதற்கு வழக்கமான அளவாயிற்று. சிம்ப்சன்ஸ் 1994 ஏப்ரல் 28 அன்று நூறைத் தொட்டது. அதே ஆண்டில் மறுஒளிபரப்புச் சந்தைக்கும் சென்றது. நூறாவது எபிசோடின் தொடக்கத்தில், பொருளற்ற மைல்கற்களைக் கொண்டாட மாட்டேன் என்று ஹோமரின் மகன் பார்ட் பள்ளிக் கரும்பலகையில் எழுதுகிறான். கதையோ, வேலை இழந்த தலைமையாசிரியர் ஸ்கின்னருக்கும் பார்ட்டுக்கும் இடையே மலரும் நட்பைப் பற்றியது. எண்ணை ஒரு வரியில் முடித்துவிட்டு மனிதர்களிடம் திரும்பிவிடும் அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: பழைய மைல்கல் எபிசோடுகளை இப்போது பார்ப்பவர்களுக்கு உங்கள் அறிவுரை?

பதில்: படத்தின் விகிதத்தைச் சரிபாருங்கள். 2009 பிப்ரவரிக்கு முன் இத்தொடர் பழைய தொலைக்காட்சித் திரைக்குரிய 4:3 விகிதத்தில் வரையப்பட்டது. 2019-இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் பழைய எபிசோடுகள் மேலும் கீழும் வெட்டப்பட்டு அகலத்திரையாக வந்தன. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும், தொடரின் கற்பனைப் பானமான டஃப் பீர் வகைகள் அனைத்தும் ஒரே குழாயிலிருந்து வருவதாகக் காட்டும் புகழ்பெற்ற காட்சியில், அந்தக் குழாயே வெட்டுப்பட்டுப் போயிற்று. 2020 மே மாதம் முதல் மூல விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்த பிறகே பாருங்கள்.

கேள்வி: 300-ஆவது எபிசோடு எது? ‘பார்ட்டிங் ஓவர்’ என்றுதானே விளம்பரம் செய்தார்கள்?

பதில்: விளம்பரம் அப்படித்தான் வந்தது. 2003 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பான அது, ஒளிபரப்பு வரிசையில் 302-ஆவது. கதைக்குள்ளேயே மகள் லிசா 300 என்று சொல்ல, 302 என்றல்லவா நினைத்தேன் என்கிறாள் மார்ஜ்.

கேள்வி: இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. பழைய காட்சிகளைத் தொகுத்துத் தந்தவற்றைப் புதிய எபிசோடாக எண்ணலாமா? அவற்றை நீக்கினால் 302 என்பதும் தவறாகிவிடுமே.

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே பார்ப்போம். ‘பார்ட்டிங் ஓவர்’ வரும்வரை 1993, 1994, 1995, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக ஐந்து தொகுப்பு எபிசோடுகள் வந்தன. அவற்றை நீக்கினால் அது 297-ஆவது ஆகிவிடும். ஆனால் 1995-இல் வந்த 138-ஆவது எபிசோடு சிறப்பு நிகழ்ச்சியை எப்படி நீக்குவீர்கள்? டிராய் மெக்லூர் என்ற கதாபாத்திரம் தொகுத்து வழங்கும் அதில் அதுவரை ஒளிபரப்பாத காட்சிகளும், 1987-இல் டிரேசி உல்மன் நகைச்சுவை நிகழ்ச்சியில் தொடங்கிய சிம்ப்சன்ஸ் குறும்படங்களின் பகுதிகளும் உள்ளன. அதில் புதியது எது, பழையது எது என்று காட்சி காட்சியாகப் பிரிக்கத் தொடங்கினால் எண்ணிக்கைக்கு முடிவே இராது. ஒளிபரப்பான முழு அரைமணி நேர நிகழ்ச்சி ஒவ்வொன்றும் ஓர் எபிசோடு என்பதே நிலையான அளவுகோல்.

கேள்வி: அப்படியானால் டிரேசி உல்மன் நிகழ்ச்சியின் குறும்படங்களையும் சேர்க்க வேண்டுமே?

பதில்: வேண்டியதில்லை. அந்த 48 குறும்படங்களும் இன்னொரு நிகழ்ச்சியின் உட்பகுதிகள். தொடர் 1989 டிசம்பர் 17 அன்று தொடங்கியது.

கேள்வி: (முன்பு மறுத்தவரே) தயாரிப்பு வரிசையை அளவுகோலாகக் கொண்டால் என்ன?

பதில்: தொடக்கத்திலேயே குழப்பம் வரும். முதலில் தயாரான எபிசோடின் அனிமேஷன் திருப்தியளிக்காததால் பெரும்பகுதி மீண்டும் செய்யப்பட்டது. அது 1990 மே மாதத்தில் முதல் சீசனின் இறுதியாக வந்தது. தயாரிப்பு வரிசையில் எட்டாவதான கிறிஸ்துமஸ் கதையே முதலில் ஒளிபரப்பானது. பார்வையாளர்கள் தொடரோடு பழகிய வரிசை ஒளிபரப்பு வரிசைதான். ஆகவே எண் சொல்லும்போது எந்த வரிசை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பர்ன்ஸைச் சுட்டது யார்’ இரண்டு பாகங்கள், ஒன்றா, இரண்டா?

பதில்: இரண்டு. மேலே சொன்ன அளவுகோலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: 300-ஆவது எபிசோடு எது?

பதில்: மேலே விடை இருக்கிறது. கேட்பதற்கு முன் முந்தைய பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: தொடக்கக் காட்சியில், கடையில் பொருட்களோடு கைக்குழந்தை மேகியையும் ஸ்கேன் செய்யும்போது அமெரிக்கத் துப்பாக்கி சங்கத்தை வாழ்த்தும் வாசகம் தெரிவது உண்மையா?

பதில்: இல்லை. அது 138-ஆவது எபிசோடு சொன்ன நகைச்சுவை. திரையில் வந்தது 847.63 என்ற டாலர் தொகை. ஒரு குழந்தையை வளர்க்க அக்காலத்தில் ஆகும் மாதச் செலவாகக் கருதப்பட்டது.

கேள்வி: ‘சவுத் பார்க்’ தொடரின் 200-ஆவது எபிசோடு பற்றி?

பதில்: அத்தொடரைத் தொடர்ந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: உங்கள் பார்வையில் மிகச் சிறந்த மைல்கல் எபிசோடு எது?

பதில்: 1997 பிப்ரவரி 9 அன்று வந்த 167-ஆவது. 166 எபிசோடுகள் கண்ட ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரைச் சிம்ப்சன்ஸ் எண்ணிக்கையில் முந்திய நாள் அது. கதையில், தொடரின் பாத்திரங்கள் பார்க்கும், வயதாகிப்போன இச்சி–ஸ்கிராச்சி கார்ட்டூனுக்குப் புத்துயிரூட்ட ‘பூச்சி’ என்ற நாயைப் புகுத்துகிறார்கள்; யாருக்கும் பிடிக்கவில்லை. அதே வேளையில் ஹோமரின் வீட்டிலும் ராய் என்றொரு புதிய இளைஞன் எந்த விளக்கமும் இன்றி அமர்ந்திருக்கிறான். காமிக்ஸ் கடைக்காரர் குறை கூறும்போது, ஆயிரக்கணக்கான மணி நேரம் இலவசமாக மகிழ்வித்தவர்கள் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று பார்ட் கேட்கிறான். சாதனை படைத்த நாளிலேயே, நெடுங்காலம் ஓடும் தொடருக்கு வரும் சோர்வையும் ரசிகர்களின் உரிமை கொண்டாடலையும் ஒருசேர நேர்மையாகப் பேசிய துணிவை நான் வேறெந்தத் தொடரின் மைல்கல்லிலும் கண்டதில்லை. அந்தக் கேள்விக்கு என் விடை பார்ட்டின் விடை அன்று: கடன் இல்லை, ஆனால் குறை சொல்லும் உரிமை பார்வையாளருக்கு உண்டு. இதையும் 4:3 விகிதத்திலேயே பாருங்கள்.

கேள்வி: தொகுப்பு எபிசோடுகளை நீக்கினால் அந்தச் சாதனை நாளும் மாறுமே?

பதில்: மாறும். அதற்கு முன் வந்த தொகுப்புகள் மூன்று. சாதனை மூன்று எபிசோடுகள் தள்ளிப்போய், வேறொரு கதையின் மீது விழும். பூச்சியின் கதையை அந்த நாளுக்கென்றே பொருத்தி வைத்தவர்களும் நான் சொல்லும் ஒளிபரப்பு வரிசையைத்தான் எண்ணினார்கள்.