கேள்வி பதில்: நெருக்கடி வர்றது ஏன் முன்னாடியே தெரியல?

கேள்வி: 2008 உலக நிதி நெருக்கடிய அத்தனை நிபுணர்கள் இருந்தும் ஏன் முன்கூட்டியே சொல்ல முடியல ஐயா? (வாசகர், யாங்கோன்)

பதில்: இதே கேள்விய அந்த வருஷம் நவம்பர்ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல எலிசபெத் ராணியே கேட்டாங்க தம்பி. பெரிய காரணம், கடன கணக்குல சேர்க்காததுதான். அப்போ புழக்கத்துல இருந்த முக்கிய பொருளாதார மாடல்கள்ல (பொருளாதாரம் எப்படிப் போகும்னு கணிக்கிற கணக்கு முறைகள்) பேங்குக்குப் பெரும்பாலும் இடமே இல்ல, சந்தை தானா சமநிலைக்கு வந்துடும்னு வச்சுக்கிட்டுதான் கணக்கே ஆரம்பிக்கும், அப்புறம் எப்படித் தெரியும்? நம்ம பர்மாவையே எடுத்துக்கங்க, 1930ல நெல் விலை சரிஞ்சுது, ஆனா நிலத்த அடமானம் வச்ச விவசாயியோட பத்திரத்துல இருந்த கடன் ஒரு அணா கூட குறையல, கட்ட முடியாம நிலம் கைமாறிடுச்சு. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம் வச்சிருந்த, வட்டிக்குக் கடன் குடுத்த செட்டியார்கள் கையில 1937ல 25 சதவீதம் (அவங்களுக்கு வேண்டியது முதலும் வட்டியும், வயல் இல்ல). அதுல பர்மாக்காரங்களுக்கு அவங்க மேல வளர்ந்த மனக்கசப்ப நினைச்சா இப்பவும் மனசு கனக்குது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹைமன் மின்ஸ்கி சொன்னதும் இதான், நல்ல காலத்துலதான் எல்லாரும் தைரியமா கடன் வாங்குவாங்க, ஆபத்தும் அப்பதான் வளருது. நெருக்கடி வந்தப்புறம் செலவ வெட்டுங்கன்னு சொல்றாங்களே, ஒருத்தர் செலவுதான் இன்னொருத்தர் வருமானம், எல்லாரும் ஒரே நேரத்துல வெட்டினா கடன் கட்ட காசு எங்கிருந்து வரும்? 2010க்கு அப்புறம் கிரீஸ்ல நடந்தது அதுதான்.