வாடகைக்கு விடப் பிளாட் வாங்குமுன்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: கல்லடியில் இரண்டு அறைப் பிளாட் ஒன்று 1 கோடி 20 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. மாதம் 45,000 ரூபா வாடகை நிச்சயம் என்கிறார் புரோக்கர். வங்கியில் போடுவதைவிட இது நல்லதா, ஐயா?

பதில்: புரோக்கர் சொல்வது 12 மாத வாடகையை விலையால் வகுத்து வரும் 4.5 வீதம். உங்கள் கையில் நிற்கப்போவது அதுவல்ல.

முதலில், வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு போகும் என்று பாருங்கள். உறுதிக்கான முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 1 கோடி 20 இலட்சத்துக்கு 479,000 ரூபா. உறுதியில் விலையைக் குறைத்து எழுதி இதை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைத்தான் பார்க்கும். குறைந்த வரியைப் பிறகு அறவிடும். நொத்தாரிசுக் கட்டணம் 1 வீதம் என்று வைத்தால் 120,000. காணிப் பதிவகத் தேடுதல், மதிப்பீடு, சில்லறைச் செலவுகளுக்கு 51,000. பெயின்ற், கிறில், தண்ணி மோட்டர், பழுதான கதவு, பைப் எல்லாம் சேர்த்து 350,000. ஆக, நீங்கள் போடும் காசு 1 கோடி 30 இலட்சம்.

இனி வருமானம். வருடத்துக்கு ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று வையுங்கள். ஒரு குடும்பம் எழும்பி, வெள்ளை அடித்து, அடுத்த குடும்பம் வர அவ்வளவு காலம் போய்விடும். 11 மாதத்துக்கு 495,000. அதிலிருந்து கட்டிடப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 4,000 வீதம் 48,000, திருத்த வேலை 45,000, காப்புறுதி 13,000, சோலை வரி 9,000. மிஞ்சுவது 380,000. அதாவது 2.9 வீதம்.

அதே 1 கோடி 30 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டால், 10 வீத வரி பிடித்த பிறகும் 936,000 வரும். 8 வீதம் என்பது கணக்குக்கு வைத்த எண். உங்கள் வங்கி இன்று தரும் வீதத்தைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன செலவுகளையும் உங்கள் கட்டிடத்தின் உண்மைத் தொகைகளால் மாற்றுங்கள். சோலை வரியில் மட்டும் ஒரு சின்ன மிச்சம் உண்டு: முழு வருடத்துக்கானதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு.

“விலை ஏறுமே” என்பீர்கள். ஏறுவது பெரும்பாலும் காணியின் விலை, கட்டிடத்தின் விலை அல்ல. பிளாட்டில் உங்களுக்கு வரும் காணிப் பங்கு மிகச் சிறியது. விலையேற்றத்தை நம்பி வாங்குவதென்றால் அதே காசுக்கு நல்ல உறுதியுள்ள காணித் துண்டு மேல். இந்த வீட்டை 90 இலட்சத்துக்குப் பேசி முடிக்க முடிந்தால் திரும்ப எழுதுங்கள், அப்போது கணக்கு வேறு.

கேள்வி: பாதிக் காசு கையில் உண்டு. மிச்சம் 60 இலட்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்தால் வாடகையே தவணையைக் கட்டிவிடாதா?

பதில்: கட்டாது. 13 வீத வட்டிக்கு 15 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 75,900 ரூபா. முதல் மாதத் தவணையில் 65,000 வட்டிக்கே போய்விடும், வாங்கிய கடனில் குறைவது 11,000கூட இல்லை. மேலே பார்த்த வீட்டில் செலவு போக மாதத்துக்கு மிஞ்சுவது 31,700 அளவு. ஒவ்வொரு மாதமும் 44,000 ரூபா உங்கள் சம்பளத்திலிருந்து போகவேண்டும், வீடு பூட்டியிருந்தாலும் போகவேண்டும். அரச உத்தியோகத்தர் ஒருவருக்கு இது மெத்தப் பாரம்.

கேள்வி: மூன்று மாடிக் கட்டிடத்தில் நடு மாடியை விற்கிறார்கள். “பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு” என்று உறுதி எழுதலாமாம். சரிவருமா?

பதில்: அப்படி எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது அந்த மாடி அல்ல. முழுக் காணியிலும் கட்டிடத்திலும் ஒரு பங்கு மட்டுமே. நாளைக்கு மற்றப் பங்குகாரரில் ஒருவர் பங்கு வழக்கு வைத்தால் எல்லாம் கலங்கிவிடும். ஒரு மாடியைத் தனிச் சொத்தாக வாங்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் நில அளவையாளர் வரைந்த தொடர்மாடி வரைபடம் பதிவாகியிருக்க வேண்டும். அதில் உங்கள் வீட்டுக்கு ஒரு இலக்கமும், படிக்கட்டு, கூரை, தண்ணித் தாங்கி போன்ற பொதுப் பகுதிகளும் காட்டியிருக்கும். அந்த வரைபடத்தையும் கட்டிடம் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்று உள்ளூராட்சிச் சபை தந்த சி.ஓ.சி. பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இயங்குகிறதா, விற்பவர் பராமரிப்புக் காசு பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். மேல் மாடிக் கூரை ஒழுகினால் யாருடைய செலவு என்ற சண்டை அங்கேதான் தீரும்.

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் பர்மிட் காணியில் கட்டிய வீடு மலிவாக வருகிறது. சத்தியக் கடதாசியும் அற்றோணித் தத்துவமும் தருகிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பர்மிட்டில் வழங்கிய காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் மௌத்தானால் அந்தக் கடதாசிக்கும் உயிரில்லை; பிள்ளைகள் வந்து எழும்பச் சொன்னால் உங்கள் பக்கம் நிற்க ஒன்றுமில்லை.

கேள்வி: கடலுக்குக் கிட்ட உள்ள பழைய பிளாட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பல்கனிக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். கொங்கிரீற்றில் மண்ணிறக் கறை கோடு மாதிரி ஓடியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிரீற்றை வெளியே தள்ளும். அதன் மேல் பெயின்ற் அடித்து விற்பார்கள். ஒரு ஐந்து ரூபாக் குற்றியால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள்: “டக்” என்று இறுகிய சத்தம் வந்தால் பரவாயில்லை, வெறும் பானை மாதிரிக் கேட்டால் உள்ளே கழன்றிருக்கிறது. அந்த இடத்தை உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்து திரும்பப் பூசவேண்டும். மேலால் சீமெந்து அப்பினால் இரண்டு மாரிகூடத் தாங்காது.

மலக்குழி எங்கே இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு ஒன்று, பவுசர் கிட்டப் போக வழியுண்டா என்று பாருங்கள். கரையோரத்தில் நிலத்தடி நீர் மேலேதான் நிற்கும். நவம்பர், டிசம்பர் மழைக்குக் குழி நிரம்பி, கீழ் மாடிக் கழிப்பறையில் தண்ணி இறங்காது. அதனால் வீடு பார்க்கப் போவதென்றால் மாரியில் போங்கள், முடியாவிட்டால் அயல் வீட்டில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டுப் பாருங்கள். உவர் என்றால் மோட்டரும் பைப்பும் சீக்கிரம் பழுதாகும்.

கேள்வி: வீட்டுக்கு மேல் மாடி கட்டி வாடகைக்கு விடுவது இலாபமா?

பதில்: காணி உங்களுடையது என்பதால் காணிக்குக் காசில்லை, முத்திரை வரியில்லை. அத்திவாரம் தாங்கினால் பிளாட் வாங்குவதைவிட இதைத்தான் சொல்வோம். ஓட்டுக் கூரையோடு சுவரில் நிற்கும் பழைய வீட்டின் அத்திவாரம் இன்னொரு மாடிக்காகப் போட்டதல்ல. தூண்களை நிலத்திலிருந்து தனியாக எழுப்ப வேண்டிவரும். பொறியியலாளரைக் காட்டாமல் ஒரு கல்லும் வைக்கவேண்டாம். சபையில் வரைபட அனுமதி எடுங்கள். படி வெளியால் வரட்டும், கரண்ட் மீட்டரும் தண்ணி மீட்டரும் தனியாக இருக்கட்டும். ஒரே மீட்டர் வைத்த வீடுகளில் மாதா மாதம் பில்லுக்குச் சண்டைதான்.

கேள்வி: வந்தாறுமூலையில் கெம்பஸ் மாணவர்களுக்கு விடலாமா? ஒலுவிலிலும் கேட்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு இவ்வளவு என்று விட்டால் குடும்பத்துக்கு விடுவதைவிடக் கூட வரும். ஆனால் விடுமுறையிலும் கெம்பஸ் மூடும் காலத்திலும் வராது. 9 மாத வாடகையை வைத்தே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் அவசியமா? தெரிந்த பிள்ளைதான்.

பதில்: அவசியம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். முறையான ஒப்பந்தம் இருந்தால், காலம் முடிந்தும் எழும்பாதவரை எழுப்ப 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுருக்கமான வழி உண்டு. திறப்புக் கொடுக்கும் நாளில் கரண்ட், தண்ணி மீட்டர் இலக்கங்களைப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு வையுங்கள். கரண்ட் பில் பாக்கி வைத்துப் போனால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்; ஆகவே மூன்று மாத முற்பணம் வாங்கி, கடைசிப் பில் கட்டிய பற்றுச்சீட்டைப் பார்த்த பிறகே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு வருமான வரி உண்டா?

பதில்: உண்டு. மாதம் 45,000 என்றால் வருடம் 540,000. திருத்தச் செலவுக்கென்று 25 வீதம் கழிக்கலாம், மிச்சம் 405,000. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு 18 இலட்சம் வரை விலக்கு. வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. சம்பளத்திலேயே அந்த 18 இலட்சம் முடிந்திருந்தால், இந்த 405,000க்கு ஆகக் குறைந்த 6 வீதப் படியில் 24,300 ரூபா. சம்பளம் கூடக் கூட படியும் ஏறும். நிறுவனம் ஒன்று அலுவலகத்துக்கோ தன் ஆட்களுக்கோ வாடகைக்கு எடுத்தால் 10 வீதத்தைப் பிடித்துக்கொண்டு தரும். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள், நவம்பர் 30க்குள் கொடுக்கும் விபரத்திரட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.