அப்பப்பாவின் பெட்போர்டுக்கு டீசல் எஞ்சின் போடலாமா?

கேள்வி: எங்கள் அப்பப்பாவிடம் இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ லொறி ஒன்று இருந்தது. பெட்போர்ட் ஓ.வை. என்பார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சனத்தை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் சுன்னாகத்துக்குத் திரும்பியது. அன்று கொட்டிலில் விட்டதுதான். இப்போது எஞ்சினைச் சுற்றும் ஹாண்டில் போட்டால் அசையவே இல்லை. எஞ்சின் செத்துவிட்டது, ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டி வாகனப் பதிவுப் புத்தக வேலையையும் முடித்துத் தருகிறேன், பழைய எஞ்சினை எனக்குத் தாருங்கள் என்று ஒரு புரோக்கர் கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. எஞ்சின் செத்துவிட்டதென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்த்தாரா? ஹாண்டில் அசையவில்லை என்றால் எஞ்சின் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் லொறி இறுகியதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலச் சுலபமாக ஆவியாகாது. அந்தக் காலத்தில் காபுரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். பிஸ்ரன் வளையங்களின் இடுக்கில் தார் போலக் கரி படியும். அந்த நிலையில் நிறுத்தி, மேலே முப்பது வருட ஈரக்காற்றும் பட்டால் வளையம் துருவாலும் பிடிக்கும், கரியாலும் பிடிக்கும். துரு ஆழமாகத் தின்றிருக்காவிட்டால் இரண்டையும் ஊறவைத்து இளக்கலாம்.

ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் தன்னியக்க கியர் ஒயிலும் சம அளவு கலந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அரைத் தேநீர்க் கோப்பையளவு ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு நாள் போதாது, இரண்டு கிழமையாவது வேண்டும். இடையில் குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு ஹாண்டிலைப் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு முன் மேல் மூடியைத் திறந்து வால்வுகளையும் பாருங்கள். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது சுற்றினால் அதன் தள்ளுகோல் வளைந்துவிடும்.

தயவுசெய்து ட்ராக்டர் கட்டி இழுக்காதீர்கள். ‘நாலாம் கியரில் போட்டு இழு, தானாக விடும்’ என்று ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். நான் பார்த்த வளைந்த கனெக்டிங் ரொட்டுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான்.

எஞ்சின் விட்டுக்கொடுத்த மகிழ்ச்சியில் அன்றைக்கே ஸ்ராட் பண்ணுவது அதைவிடப் பெரிய பிழை. எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றாமல் பற்றரி வயரைத் தொடவே கூடாது. மண்ணெண்ணெய் கலந்த பழைய ஒயில் அடியில் சேறாகக் கிடக்கும். ஒயில் உறிஞ்சும் வலை அடைத்திருந்தால் ஓடத் தொடங்கிய சில நிமிடத்தில் பெயாரிங்குகள் போய்விடும். இறுகியிருந்தபோது பிழைத்த எஞ்சின் அப்போதுதான் உண்மையில் சாகும்.

தண்ணீர்ப் பக்கமும் இருக்கிறது. நம்முடைய கிணறு சுண்ணாம்புக் கல்லில் இறங்கிய கிணறு. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் காரை றேடியேற்றருக்குள்ளும் சிலிண்டர்களைச் சுற்றியும் படிந்திருக்கும். முழுதாகக் கழுவுங்கள், இனி மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். இந்த லொறியின் பிறேக் ஒயிலால் வேலை செய்வது, அதன் றப்பர் எல்லாம் புதிது போடாமல் ஒழுங்கையில்கூட உருட்ட வேண்டாம்.

சரி, புரோக்கரின் கணக்குக்கு வருவோம். 3.5 லீற்றர், ஆறு சிலிண்டர், 72 குதிரைவலு, வால்வு மேலே உள்ள எஞ்சின் அது. வெளிநாட்டில் இராணுவ வாகனம் சேர்ப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்களுக்குச் செத்த இரும்பென்று சொல்லிவிட்டு, ஏன் அதைத் தானே எடுத்துக்கொள்ள நிற்கிறார்? எஞ்சினைவிட அவருக்குப் பெரிது புத்தகமாகவும் இருக்கலாம். 2020 தொடக்கம் சில வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்தபோது பழைய வாகனங்களுக்கும் அவற்றின் புத்தகங்களுக்கும் ஏறிய விலையை நாமெல்லாம் பார்த்தோம். ‘புத்தக வேலை என் பொறுப்பு’ என்று சொல்பவர் அடுத்ததாக ஓப்பன் பேப்பர் கேட்பார். விபரம் நிரப்பாத மாற்றல் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம், மூலப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டாம். போட்டோக் கொப்பி போதும். அதன்மேல் குறுக்காக ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். இதற்குக் கோபிக்கிற புரோக்கர் போகட்டும்.

எஞ்சினை மாற்றினால் புதிய எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பதியாமல் ஓடினால் காப்புறுதியும் கேள்விக்குறி. சொந்த எஞ்சின் இருந்தால் இந்த அலைச்சல் இல்லை என்பதுதான் என் வாதம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பலர் இதில் மாட்டிக்கொள்வதால் விரித்தே சொல்கிறேன். இப்போது உள்ளே இருக்கும் எஞ்சின் புத்தகத்தில் உள்ள எஞ்சின்தானா? பெட்போர்ட் லொறிகளில் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிப் பேர்க்கின்ஸ் பி6 டீசல் பூட்டுவது ஒரு காலத்தில் வழக்கம். சிலர் அதைப் புத்தகத்தில் ஏற்றினார்கள், சிலர் ஏற்றவில்லை. பிறகு வேறொரு பெட்போர்டில் இருந்து பெற்றோல் எஞ்சினை மறுபடி இறக்கியவர்களும் உண்டு. அப்படியானால் நீங்கள் ‘சொந்த எஞ்சின்’ என்று பாதுகாப்பது புத்தகத்தின்படி அந்நிய எஞ்சின். ஆகவே முதலில் புத்தகத்தில் எரிபொருள் என்னவென்று பாருங்கள். பிறகு பிளொக்கில் அடித்திருக்கும் நம்பரைத் தேடுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். கிரைண்டர் வைக்காதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். தேய்ந்த இடத்தைப் பார்த்தால் நம்பர் திருத்தியதென்றுதான் சோதிப்பவர் நினைப்பார். மேலே கடதாசி வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுங்கள். சேஸிஸ் நம்பருக்கும் அப்படியே. இரண்டும் புத்தகத்தோடு பொருந்தினால் நிம்மதி. எஞ்சின் நம்பர் பொருந்தாவிட்டால், இருக்கிற எஞ்சினைத் திருத்தி அதைப் பதிவதா, வேறு எஞ்சின் போட்டுப் பதிவதா என்பதை அப்போது யோசிக்கலாம். இரண்டுக்கும் அலைச்சல் ஒன்றுதான்.

அந்த அலைச்சலை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. ஒரு பழைய ஒஸ்ரின் காருக்காக ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று தடவை போனேன். எவரோ பேனாவால் எழுதிய 1 அவர்களுக்கு 7 ஆகத் தெரிந்தது. அச்செடுத்த கடதாசியை மேசையில் வைத்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷெல்லடியில் ஓடியவர்கள் வருட வரிப் பத்திரம் எடுத்தார்களா என்று இன்றும் கேட்கிறார்கள். நிலுவையைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு 1995ஆம் ஆண்டு என்ன நடந்ததென்று தெரியாதா? அதற்காகக் குறுக்கு வழி தேடாதீர்கள். புத்தகம் அப்பப்பாவின் பெயரில் இருந்தால் மரணச் சான்றிதழோடு வாரிசு விடயத்தை முதலில் ஒழுங்காக்குங்கள். பிரதேச செயலகத்தில் நிலுவையை எழுத்தில் கேளுங்கள். லொறி என்பதால் தகுதிச் சான்றிதழும் வேண்டும், புகைச் சோதனையும் வேண்டும்.

இந்தக் கிழமை நம்பர் அச்சும் பிளக் ஓட்டைக்குள் ஒயிலும் போதும். ஹாண்டில் அசைந்த பிறகு சம்பைக் கழற்றும்போது, அடியில் வரும் சேற்றை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். பளபளக்கும் தூள் இருந்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. அந்தத் துணியை எறியாமல் வைத்துக்கொண்டு, தூள் என்ன நிறமென்று எனக்கு எழுதுங்கள்.